ஸ்கிரீனில் விடை, வேரியபிளில் 0: வெளிக் கமாண்டின் அவுட்புட்டைப் பிடிப்பது

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். பைத்தான் ஸ்கிரிப்டிலிருந்து வேறொரு கமாண்டை ஓட்டுகிறீர்கள். விடை ஸ்கிரீனில் ஓடுகிறது, ஆனால் அதை வாங்கிவைக்கப் போட்ட வேரியபிளில் வெறும் 0 உட்கார்ந்திருக்கிறது. யாரோ சொன்னார்கள் என்று பைப் போட்டுப் பார்த்திருக்கிறீர்கள். சின்ன ஃபைல்களுக்குச் சரியாக ஓடுகிறது. பெரிய ஃபைலைக் கொடுத்தால் எர்ரரும் வரவில்லை, வேலையும் முடியவில்லை, அப்படியே நிற்கிறது. இதையே பாஷில் (டெர்மினலில் கமாண்டுகளை ஓட்டும் ஷெல்) செய்வது எப்படி என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டு கோளாறும் தனித்தனியாகத் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான். ஃபங்ஷன் ஒன்று விடையைத் திருப்பித் தருவதுபோல ஒரு கமாண்டும் தரும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கமாண்ட் எதையும் திருப்பித் தருவதில்லை. எழுதுகிறது, அவ்வளவுதான். எழுதியது எங்கே போய் விழுகிறது என்ற கவலை அதற்குக் கிடையாது. விழும் இடத்தை முன்கூட்டியே ஏற்பாடு செய்வதும், விழ விழ அள்ளிக்கொண்டே இருப்பதும் ஓட்டுகிறவர் வேலை. முதல் பாதியைச் செய்யாததால் உங்களுக்கு 0 கிடைத்தது. இரண்டாம் பாதியைச் செய்யாததால் ஸ்கிரிப்ட் நின்றது. கைபேசியில் தமிழ்க் கீபோர்டில் அடிக்கிறேன், அதனால் நிரல் வரிகளை ஒட்டாமல் பெயர்களைச் சொல்லியே போகிறேன்.

முதலில் அந்த 0. நீங்கள் ஓஎஸ் மாட்யூலில் இருக்கும் சிஸ்டம் ஃபங்ஷனைக் கூப்பிட்டிருக்க வேண்டும். அது ஒரு குழந்தை புராசஸைக் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்தான் புராசஸ்) கிளப்பி, அது முடியும்வரை காத்திருந்து, எப்படி முடிந்தது என்பதை மட்டும் சொல்லும். 0 என்றால் நல்லபடியாக முடிந்தது என்று பொருள். யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் ஒவ்வொரு புராசஸும் மூன்று எண்களோடு பிறக்கிறது: 0 உள்ளே வருவதற்கு, 1 சாதாரண அவுட்புட்டுக்கு, 2 எர்ரருக்கு. குழந்தை இந்த மூன்றையும் பெற்றவரிடமிருந்து அப்படியே சுவீகரிக்கிறது. உங்கள் ஸ்கிரிப்டின் 1 டெர்மினலைப் பார்த்துக்கொண்டிருந்தது, எனவே குழந்தையின் 1-ம் டெர்மினலைத்தான் பார்த்தது. அந்த எழுத்துகள் உங்கள் பைத்தான் வழியாக வரவே இல்லை; பக்கத்துத் தெருவழியாக நேரே ஸ்கிரீனுக்குப் போய்விட்டன.

இதில் இன்னொரு சின்னப் பொறி உண்டு. லினக்ஸில் இந்தச் சிஸ்டம் ஃபங்ஷன் தருவது எக்ஸிட் கோடே (நிரல் முடியும்போது விட்டுச்செல்லும் எண்) அல்ல, இயங்குதளத்தின் மையமான கெர்னல் தரும் வெயிட் ஸ்டேட்டஸ். அதில் எக்ஸிட் கோடு மேல் பைட்டில் இருக்கும். அதனால் ஃபைலில் வார்த்தை தேடும் கிரெப் எதையும் கண்டுபிடிக்காமல் 1 என்று முடிந்தால் உங்களுக்கு 256 தெரியும். 256 என்ற எர்ரர் எங்கேயாவது விளக்கப்பட்டிருக்கிறதா என்று தேடித் தேடி அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பெர்லிலும் இதே கதைதான். அங்கே எட்டு பிட் வலப்பக்கம் தள்ளிப் பார்க்க வேண்டும் என்பது பழையவர்களுக்குக் கைப்பழக்கம்.

சரி, பிடிப்பது எப்படி? எந்த மொழியில் எழுதினாலும் அடியில் நடப்பது ஒன்றே. முதலில் கெர்னலிடம் ஒரு பைப் கேட்கிறோம். எழுத ஒரு முனை, படிக்க ஒரு முனை. பிறகு ஃபோர்க் செய்து குழந்தையை உண்டாக்குகிறோம். குழந்தை, தான் வேறு நிரலாக மாறுவதற்கு முன்பே, தன் 1-ஐக் கழற்றி அங்கே பைப்பின் எழுதும் முனையைப் பொருத்திக்கொள்கிறது. அதற்குப் பிறகுதான் எக்ஸெக். புதிதாக வந்த நிரல் எப்போதும்போல 1-இல் எழுதுகிறது. பெற்றவர் மறுமுனையில் படிக்கிறார். பைத்தானில் இவ்வளவையும் சப்பிராசஸ் மாட்யூல் செய்து தருகிறது. அது 2.4-இல் வந்தது, அதாவது 2004. ஆனால் இன்றைக்கு நீங்கள் தொட வேண்டியது அதிலுள்ள ரன் என்ற ஒன்றைத்தான், அது 3.5-இல் 2015-இல் வந்தது. கேப்சர் அவுட்புட் என்ற வசதி 2018-இல், 3.7-இல் சேர்ந்தது. அதை ட்ரூ என்று கொடுத்தால் அவுட்புட்டும் எர்ரரும் தனித்தனியாக, எக்ஸிட் கோடோடு சேர்ந்து ஒரே ஆப்ஜெக்டில் கையில் வரும். பழைய பதில்களில் வரும், அதே மாட்யூலில் எல்லாவற்றையும் நாமே கையால் செய்ய விடும் பிஓப்பன் வகையறா எல்லாம் தேவைப்படும் சமயம் வேறு. அங்கே போய்த்தான் நீங்கள் மாட்டியிருக்கிறீர்கள்.

அந்த மாட்டலைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். நீங்கள் செய்தது இப்படி இருந்திருக்கும்: பிஓப்பனில் அவுட்புட்டைப் பைப் என்று கொடுத்து, அடுத்த வரியில் வெயிட் சொல்லி, அது முடிந்த பிறகு ரீட். வாசிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. முடியட்டும், பிறகு படிப்போம். ஆனால் பைப் அடிமட்டமில்லாத கிணறு அல்ல. லினக்ஸில் வழக்கமாக அதன் கொள்ளளவு 65,536 பைட், அதாவது 64 கேபி. அது நிரம்பியதும் அடுத்த பைட்டை எழுத வந்தவரைக் கெர்னல் தூங்கவைத்துவிடும், யாராவது மறுமுனையில் படித்து இடம் காலி செய்யும்வரை.

இதை நீங்களே சோதிக்கலாம். ஹெட் கமாண்டில் மைனஸ் சி கொடுத்து, பூஜ்யங்களை முடிவில்லாமல் தரும் டெவ் ஜீரோவிலிருந்து சரியாக 65536 பைட் எடுக்கச் சொல்லுங்கள்; பிஓப்பன், வெயிட், ரீட் என்று அதே வரிசையில். கண்மூடித் திறப்பதற்குள் முடியும். எண்ணை 65537 ஆக்குங்கள். ஒரே ஒரு பைட் அதிகம். நின்றுவிடும், விடிய விடிய நிற்கும். வேறொரு டெர்மினலில், புராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் போட்டுப் பாருங்கள்: இரண்டு புராசஸும் எஸ் நிலையில், தூக்கத்தில். சிபியு 0. கெர்னலை நிரல் அழைப்பதைக் காட்டும் எஸ்ட்ரேஸால் குழந்தையைத் தொட்டுப் பார்த்தால் ரைட் என்ற அழைப்பின் நடுவில் நிற்பது தெரியும், பெற்றவரோ வெயிட்டில். நீ படித்தால்தான் நான் முடிப்பேன் என்கிறது அது, நீ முடித்தால்தான் நான் படிப்பேன் என்கிறது இது. உங்கள் சின்ன ஃபைல்களின் அவுட்புட் 64 கேபிக்குள் அடங்கியது. பெரிய ஃபைல் அந்தக் கோட்டைத் தாண்டியது. கதை அவ்வளவுதான்.

ரன் இதில் மாட்டாது, ஏனென்றால் அது உள்ளே கம்யூனிகேட் என்பதைக் கூப்பிடுகிறது. அது அவுட்புட், எர்ரர் இரண்டு பைப்பையும் ஒரே நேரத்தில் கவனித்து, எதில் வந்தாலும் உடனே அள்ளும். இந்த "இரண்டையும்" என்பது முக்கியம். வெயிட்டை எடுத்துவிட்டு, முதலில் அவுட்புட்டை முழுக்கப் படி, பிறகு எர்ரரை முழுக்கப் படி என்று எழுதினால் அதே பூட்டு வேறு உருவில் வரும்: நீங்கள் அவுட்புட்டில் காத்திருக்க, குழந்தை எர்ரர் பக்கம் 64 கேபியை நிரப்பிவிட்டுத் தூங்கும். வீடியோ மாற்றும் எஃப்எஃப்எம்பெக் தன் முன்னேற்றத்தை எல்லாம் எர்ரர் பக்கமே கொட்டும். நான் முதன்முதலில் அதைப் பைப்பில் பிடித்தபோது சின்ன கிளிப் எல்லாம் ஓடியது, நீளமான வீடியோ எல்லாம் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றது. வீடியோ கெட்டுவிட்டது என்று நினைத்து அரை நாள் வீணாக்கினேன். பிடித்த எர்ரரை நான் படிக்கவே இல்லை.

எர்ரர் ஏன் தனிப் பாதையில் போகிறது என்பதற்கு ஒரு பழங்கதை உண்டு. 1970-களில் பெல் லேப்ஸில் யூனிக்ஸ் வளர்ந்த காலத்தில் ஆவணங்களை ஒளி அச்சுக்கோப்பு இயந்திரத்துக்கு அனுப்பினார்கள். எல்லாம் ஒரே பாதையில் போனதால், ஃபைலைத் திறக்க முடியவில்லை என்ற செய்தியையும் அந்த இயந்திரம் நேர்த்தியாக அச்சுக்கோத்துக் கொடுத்ததாம். ஒருவருக்கு இருவருக்கு இப்படி ஆன பிறகுதான் எர்ரருக்கென்று 2 பிறந்தது.

ஆனாலும் நாம் அதே தப்பைத் திரும்பச் செய்கிறோம், 2>&1 என்ற மந்திரத்தால். எர்ரரையும் அவுட்புட் போகும் இடத்துக்கே அனுப்பும் ஷெல் குறி அது. எல்லாவற்றையும் பிடித்துவிடலாமே என்ற ஆசைதான். நான் எழுதிய ஒரு பேக்கப் ஸ்கிரிப்டில் டேட்டாபேஸ் டம்ப்பை அப்படித்தான் ஃபைலில் பிடித்தேன். கமாண்டிலேயே பாஸ்வேர்டு கொடுக்காதே என்று அந்தக் கருவி எச்சரிக்கை ஒன்றை எர்ரர் பக்கம் எழுதும். அது டம்ப் ஃபைலின் முதல் வரியாக உட்கார்ந்துகொண்டது. பேக்கப் தினமும் "வெற்றி". மாதங்கள் கழித்து மீட்க முயன்ற அன்றுதான் முதல் வரியே எஸ்கியூஎல் இல்லை என்று தெரிந்தது. ஒரு வரியை அழித்தால் சரியாகிவிட்டது, அதிர்ஷ்டம்தான். நடுவில் எங்கேயாவது கலந்திருந்தால்?

ஆகவே என் வழக்கம் இது. அவுட்புட்டை நிரல் படிக்கப்போகிறதென்றால் எர்ரரைக் கலக்கவே கூடாது. தனியாகப் பிடித்து லாகில் போடு. மனிதர் படிக்கத்தான் என்றால் கலக்கலாம், வரிசை புரிய உதவும். விதிவிலக்காக, உங்களுக்கு வேண்டிய விடையையே எர்ரர் பக்கம் எழுதும் கமாண்டுகளும் உண்டு. ஜாவாவிடம் மைனஸ் வெர்ஷன் கேட்டால் விடை 2-இல்தான் வரும். பைத்தானும் 3.4-க்கு முன்பு அப்படித்தான் செய்தது. பிடித்தது காலியாக இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் இதுவே.

2>&1 எங்கே நிற்கிறது என்பதும் பொருளை மாற்றும். "2-ஐ 1-ஓடு இணை" என்று அதை வாசிக்காதீர்கள். "இந்த நொடியில் 1 எதைப் பார்க்கிறதோ அதன் பிரதியை 2-க்குக் கொடு" என்று வாசியுங்கள். ஷெல் இடமிருந்து வலமாகச் செய்கிறது. முதலில் ஃபைலுக்குத் திருப்பிவிட்டுப் பிறகு 2>&1 என்றால் இரண்டும் ஃபைலுக்குப் போகும். முதலில் 2>&1, பிறகு ஃபைல் என்றால் எர்ரர் பழைய இடத்துக்கே போகும், அவுட்புட் மட்டும் ஃபைலுக்கு. இதைத் தலைகீழாகப் பயன்படுத்தியும் ஒரு வேலை வாங்கலாம்: பாஷில் அவுட்புட்டைப் பிடிக்கும் $( ) என்ற டாலர் அடைப்புக்குறிக்குள் முதலில் 2>&1 போட்டு, பிறகு 1-ஐ டெவ் நல்லுக்கு (எழுதியதை எல்லாம் விழுங்கிவிடும், படித்தால் காலியாக இருக்கும் இடம்) திருப்பினால் எர்ரர் மட்டும் பிடிபடும்.

பாஷுக்கு வருவோம். அங்கே பிடிப்பதற்கு $( ) போதும். பழைய பின்மேற்கோள் குறியும் அதையே செய்யும், ஆனால் ஒன்றுக்குள் ஒன்று வைக்கும்போது தலைவலி, விட்டுவிடுங்கள். $( ) உங்களுக்குக் கொடுப்பது கமாண்ட் எழுதியதன் அச்சு அசல் அல்ல என்பதை மட்டும் மனதில் வையுங்கள். கடைசியில் இருக்கும் புதுவரி எழுத்துகள் எத்தனை இருந்தாலும் எல்லாவற்றையும் வெட்டிவிடும். மதிப்பு 0 ஆன நல் (null) பைட்டுகளைத் தூக்கி எறியும், பாஷ் 4.4-இலிருந்து அதற்கு ஓர் எச்சரிக்கையாவது தருகிறது. அதனால் படம், ஜிப் போன்றவற்றை வேரியபிளில் பிடிக்கவே நினைக்காதீர்கள், ஃபைலுக்கு அனுப்புங்கள். கடைசிப் புதுவரி கட்டாயம் வேண்டுமென்றால் கமாண்டுக்குப் பின்னால் ஒரு புள்ளியை அச்சிடச் செய்து, பிடித்த பிறகு அந்தப் புள்ளியைக் கழிப்பது பழைய தந்திரம்.

"பத்து வரி வந்தது, வேரியபிளில் ஒரே வரியாகிவிட்டது" என்று அடிக்கடி கேட்பார்கள். ஆகவில்லை. வேரியபிளில் பத்து வரியும் பத்திரமாக இருக்கிறது. எக்கோ செய்யும்போது இரட்டை மேற்கோள் போடாததால் ஷெல் அதை வார்த்தை வார்த்தையாக உடைத்து இடைவெளி வைத்துக் காட்டுகிறது. மேற்கோளுக்குள் வையுங்கள்.

எக்ஸிட் கோடு பாஷில் நழுவும் இடங்கள் இரண்டு. ஃபங்ஷனுக்குள் லோக்கல் என்று சொல்லி அதே வரியில் $( ) கொடுத்தால், அடுத்து நீங்கள் பார்க்கும் $? (கடைசியாக ஓடியதன் எக்ஸிட் கோடு) கமாண்டுடையது அல்ல, லோக்கல் என்பதுடையது. அது எப்போதும் 0 தான் தரும். தோல்வி வந்தால் ஸ்கிரிப்டை நிறுத்தும் செட் மைனஸ் ஈ போட்டிருந்தாலும் தோல்வி கண்ணில் படாது. ஒரு வரியில் லோக்கல், அடுத்த வரியில் பிடிப்பு என்று பிரித்தால் தீர்ந்தது. இரண்டாவது, பைப்லைன். பல கமாண்டுகளைக் கோத்தால் கடைசிக் கமாண்டின் கோடு மட்டுமே மிஞ்சும். ஸ்கிரீனிலும் தெரிய வேண்டும், ஃபைலிலும் சேர வேண்டும் என்று டீ கமாண்டைக் கோத்தால், முன்னால் உள்ளது செத்தாலும் டீ நலமாக இருப்பதால் 0 வரும். நடுவில் எது தோற்றாலும் அதைக் காட்டும் பைப்ஃபெயில் ஆப்ஷனைப் போட்டுவிட்டுத்தான் டீ பக்கம் போவேன்.

எக்ஸிட் கோடுகளைப் பற்றி இன்னும் கொஞ்சம். 127 என்றால் ஷெல் அந்தக் கமாண்டையே காணவில்லை; 126 என்றால் கண்டது, ஓட்ட முடியவில்லை. 128-க்கு மேல் போனால் பெரும்பாலும் சிக்னலால் இறந்தது: 137-இல் 128-ஐக் கழித்தால் 9, யாரோ கில் செய்தார்கள். டெர்மினலில் ஓடுவது, குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் 127 தந்தால் பாத் வேரியபிளை (கமாண்டுகளைத் தேடும் இடங்களின் பட்டியல்) பாருங்கள், கிரானில் அது மிகக் குறுகியது. பூஜ்யம் அல்லாதது எல்லாம் தோல்வி என்றும் முடிவுகட்ட வேண்டாம். கிரெப்பில் 1 என்றால் கிடைக்கவில்லை, 2 என்றால்தான் கோளாறு. இரண்டு ஃபைல்களை ஒப்பிடும் டிஃப்பில் 1 என்றால் வித்தியாசம் இருக்கிறது, அதைத்தானே கேட்டோம்? பைத்தானில், 0 அல்லாத எதையும் எர்ரராக்கும் செக் ஈக்வல்ஸ் ட்ரூ என்று எல்லா இடத்திலும் ஒட்டிவைக்கும் பழக்கம் இங்கே கடிக்கும்.

நேரலையாக வரிவரியாகப் பிடிக்க நினைப்பவர்களுக்கு வேறொரு மர்மம் காத்திருக்கும்: டெர்மினலில் உடனுக்குடன் வருவது, பைப்பில் வெகுநேரம் எதுவும் வராமல் இருந்து திடீரென்று மொத்தமாகக் கொட்டும். குற்றவாளி உங்கள் ஸ்கிரிப்ட் அல்ல. சி நூலகம், 1 டெர்மினலாக இருந்தால் ஒவ்வொரு வரிக்கும் அனுப்பும். பைப்பாக இருந்தால் பஃபர் என்ற தற்காலிகச் சேமிப்பிடம் நிரம்பும்வரை சேர்த்துவைக்கும். இந்தப் பஃபர் குழந்தையின் வயிற்றுக்குள் இருப்பதால் வெளியிலிருந்து நீங்கள் எவ்வளவு வேகமாகப் படித்தாலும் பயனில்லை. லினக்ஸில் எஸ்டிடிபஃப் கமாண்டுக்கு மைனஸ் ஓஎல் கொடுத்து அதன் வழியே ஓட்டிப் பாருங்கள். குழந்தையும் பைத்தான் என்றால் மைனஸ் யூ. இரண்டுக்கும் மசியாத நிரலுக்குப் பொய் டெர்மினல் ஒன்றைக் காட்டி ஏமாற்ற வேண்டும். எக்ஸ்பெக்ட் கருவியோடு வரும் அன்பஃபர் அதைச் செய்யும். டெர்மினல்தான் என்று நம்பிவிட்டால் சில நிரல்கள் வண்ணக் குறியீடுகளையும் சேர்த்து அனுப்பும், அதைத் துடைப்பது உங்கள் பாடு.

கமாண்டை ஒரே நீளச் சரமாக ஒட்டி, அதை ஷெல் வழியாக ஓட்டச் சொல்லும் ஷெல் ட்ரூ கொடுக்கிறீர்களா? ஃபைல் பெயரில் ஓர் இடைவெளி வந்தால் உடையும், ஓர் அரைப்புள்ளி வந்தால் அதற்குப் பின்னால் உள்ளது தனிக் கமாண்டாக ஓடும். பெயரை யார் வைத்தார்கள் என்று உங்களுக்கு எப்போதும் தெரியாது. கமாண்டையும் ஒவ்வொரு ஆர்க்யுமென்டையும் லிஸ்டாகக் கொடுங்கள். ஷெல்லே வேண்டாம்.

அவுட்புட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், இன்புட்டையும் குழந்தை சுவீகரிக்கிறது. பாஷில் மெஷின்களின் பட்டியலை வைல் ரீட் சுற்றில் வரிவரியாகப் படித்துக்கொண்டே, உள்ளே வேறு மெஷினில் கமாண்ட் ஓட்டும் எஸ்எஸ்ஹெச் ஓட்டினால் முதல் மெஷினோடு சுற்று முடிந்துவிடும். எஸ்எஸ்ஹெச் மீதிப் பட்டியலைத் தன் இன்புட் என்று நினைத்துக் குடித்துவிடும். இதற்குத் தீர்வு எஸ்எஸ்ஹெச்சுக்கு மைனஸ் என் கொடுப்பது, மற்ற கமாண்டுகளுக்குப் பொதுவாக டெவ் நல்லை இன்புட்டாகக் கொடுப்பது.

எழுத்துக் குறியாக்கம்: கமாண்ட் தருவது பைட்டுகள்தான், எழுத்துகள் அல்ல. டெக்ஸ்ட் ட்ரூ கொடுத்தால் பைத்தான் சூழலின் லோக்கேலை (மொழி அமைப்பை) வைத்து எழுத்துகளாக மாற்றும், சூழல் மாறினால் உடையும். என்கோடிங்கை யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லி, எர்ரர்ஸுக்கு ரீப்ளேஸ் கொடுங்கள். விண்டோஸில் பல கன்சோல் நிரல்கள் பழைய கோடு பேஜில் (யூடிஎஃப்-8 அல்லாத எழுத்து அட்டவணை) எழுதும் என்பதால் அங்கே இது இன்னும் சிக்கல். அவுட்புட்டில் உள்ள வார்த்தையைத் தேடப்போகிறீர்கள் என்றால் செய்திகளின் மொழியைத் தீர்மானிக்கும் எல்சி ஆல் வேரியபிளைச் சி என்று வைத்து ஓட்டுங்கள், இல்லாவிட்டால் வேறு மொழியில் அமைத்த மெஷினில் அந்த வார்த்தையே வராது.

மற்ற மொழிகளில் அவரவர்க்கு ஒரு வில்லங்கம். பிஹெச்பியின் எக்ஸெக் கடைசி வரியை மட்டும் தரும். முழுதும் வேண்டுமென்றால் ஷெல் எக்ஸெக். நோடில் எக்ஸெக் வழக்கமாக 1 எம்பி வரைதான் பிடிக்கும், மீறினால் குழந்தையைக் கொன்றுவிடும், பெரிதுக்கு ஸ்பான். ரூபியில் ஓப்பன்3-இன் கேப்சர்3 அவுட்புட், எர்ரர், முடிந்த நிலை மூன்றையும் ஒழுங்காகத் தருகிறது.

இனி உங்கள் ஸ்கிரிப்ட். சிஸ்டம் வரியையும் பிஓப்பன் வரிகளையும் எடுத்துவிட்டு ஒரே ஒரு ரன்: கமாண்ட் லிஸ்டாக, கேப்சர் அவுட்புட் ட்ரூ, என்கோடிங் யூடிஎஃப்-8, இன்புட்டுக்கு டெவ்நல், ஒரு டைம்அவுட். டைம்அவுட் உங்கள் நேரடிக் குழந்தையை மட்டும்தான் கொல்லும். அது பெற்ற பேரக்குழந்தைகள் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கலாம். அப்படிப் பெறும் கமாண்ட் என்றால் பிஓப்பனுக்கே திரும்பி, ஸ்டார்ட் நியூ செஷன் ட்ரூ என்று தனிக் குழுவாகக் கிளப்பி, கம்யூனிகேட்டுக்கு டைம்அவுட் கொடுங்கள். நேரம் தாண்டினால் ஓஎஸ் மாட்யூலின் கில்பிஜியால் குழுவையே நிறுத்துங்கள். அவுட்புட் ஜிபி கணக்கில் வரும் என்றால் மெமரியில் பிடிக்காமல் எஸ்டிடிஅவுட்டுக்குத் திறந்த ஃபைல் ஒன்றையே கொடுங்கள். ஃபைலுக்கு 64 கேபி எல்லை கிடையாது, அதனால் அங்கே வெயிட்டும் தாராளமாகப் போடலாம்.